ரேடார் அணையும் நாளுக்கான பயிற்சியைக் குறைக்காதீர்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கான பயிற்சியில், ரேடார் இல்லாமல் விமானங்களைப் பிரித்து நடத்தக் கற்றுத்தரும் பகுதியை 15 வேலைநாள்களிலிருந்து 4 நாள்களாகக் குறைப்பதென்றும், அப்பகுதிக்கென இருக்கும் பழைய ரேடார் சிமுலேட்டரையும், விமான விவரம் எழுதிய தாள்பட்டைகளை அடுக்கும் ஸ்ட்ரிப் பலகைகளையும் ஜூன் மாத இறுதிக்குள் அகற்றிவிடுவதென்றும் உங்கள் சுற்றறிக்கையில் அறிவித்திருக்கும் முடிவை எதிர்த்து இந்த மடலை எழுதுகிறேன். இதே கருத்தை உங்களுக்கு ஆங்கிலத்தில் இருமுறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு, கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரே ஒரு வரி வந்தது.

பயிற்சிக்கூடத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதன்மீது எனக்கு மதிப்பு உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு இன்றுவரை அங்கே பகுதிநேரமாகப் பாடம் நடத்திவருகிறேன். மடல் யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும். இம்முறை தமிழில், எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வரும் நம் குடும்பங்களுக்கு இந்த முடிவில் நேரடியான தொடர்பு இருக்கிறது என்று நான் கருதுவதுதான். அது எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் 1980களின் பிற்பகுதியில் இந்தப் பணிக்கு வந்தவன். நான் முதலில் சேர்ந்த நிலையத்தில் ரேடார் அறை பகலிலும் இருட்டாகவே இருக்கும்; விளக்கைப் போட்டால் திரையிலுள்ள புள்ளிகள் மங்கிவிடும். அன்றைய கருவிகளோடு வேலை செய்தவர்கள் எவருக்கும் ரேடார் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது உடம்பிலேயே ஊறியிருந்தது. முதன்மை ரேடார் அனுப்பும் அலை விமானத்தின் மீது பட்டுத் திரும்பும்போது அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அது எந்த விமானம், எந்த உயரத்தில் பறக்கிறது என்பது தெரியாது. கனமழை பெய்யும் மேகமும் அதே போல அலையைத் திருப்பி அனுப்பும் என்பதால், மழைநாளில் திரையின் பாதி வெள்ளையாகி, உள்ளே இருக்கும் விமானங்கள் மறைந்துபோகும். இரண்டாம் நிலை ரேடார் விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற பதிலனுப்பும் கருவியைக் கேட்டு, அதன் நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் பெற்றுத் தரும். ஆனால் ஒரே திசையில் இரண்டு விமானங்கள் நெருங்கி வந்தால், இரண்டின் பதில்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பழைய கருவியால் அவற்றைப் பிரிக்க முடியாமல், இரண்டுக்குமே உரியதல்லாத ஓர் உயரம் திரையில் தோன்றுவதுண்டு. உடனே வானொலியில் விமானியைக் கூப்பிட்டு, உங்கள் உயரம் என்ன என்று கேட்போம். கேட்காமல் நம்பியவர்களை எங்கள் மூத்த அதிகாரிகள் அன்று மாலைக்குள் கண்டித்துவிடுவார்கள்.

எங்கள் நெடுந்தொலைவு ரேடாரின் ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க 12 விநாடி எடுத்துக்கொண்டது. மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் அந்த 12 விநாடியில் 1.6 கடல் மைல் கடந்துவிடும். எங்களுக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச இடைவெளியோ 5 கடல் மைல். ஆகவே திரையில் தெரியும் புள்ளியை விமானம் சற்றுமுன் இருந்த இடமாகவே எடுத்துக்கொண்டு, இப்போது எங்கே இருக்கும் என்பதை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கப் பழகினோம். அந்தப் பழக்கம் ஒருநாள் எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் சுற்றறிக்கைக்கு வர வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை. சுமத்ராப் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புயல்மழை அன்றும் வந்திருந்தது. என் பொறுப்பில் 9 விமானங்கள் இருந்தன. அவற்றில் நான்கு, மேகத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பாதை விலக அனுமதி வாங்கியிருந்தன. திரையைப் பார்த்தேன். எல்லாப் புள்ளிகளும் தத்தம் எண்ணோடும் உயரத்தோடும் ஒழுங்காக இருந்தன, எதுவும் எதையும் நெருங்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மூத்த அதிகாரி, நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், மெதுவாக என் தோளைத் தொட்டு, "மணியப் பாரு" என்றார். திரையின் மூலையிலிருந்த கடிகாரம் 21:47ல் நின்றிருந்தது. உலகப் பொது நேரத்தைக் காட்டும் சுவர்க் கடிகாரத்தில் 21:48 தாண்டியிருந்தது. திரை உறைந்துபோயிருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேலாக நான் பார்த்துக்கொண்டிருந்தது பழைய படம். அதற்குள் ஒவ்வொரு விமானமும் ஏறத்தாழ 8 கடல் மைல் நகர்ந்திருந்தது.

திரை கறுத்துப்போனால் யாருக்கும் தெரிந்துவிடும். உறைந்துபோன திரையை எல்லாம் சரியாக இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "திரைய விடு. ஸ்ட்ரிப்பப் பாரு. யார் யார் ஒரே லெவல்ல இருக்காங்க?" என்று கேட்டார். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தாள்பட்டை, பிளாஸ்டிக் பிடியில் செருகி, சாய்ந்த பலகையில் வரிசையாக அடுக்கியிருக்கும். அதைத்தான் நாங்கள் ஸ்ட்ரிப் என்போம். விமானத்தின் அழைப்புப் பெயர், உயரம், வான்பாதையில் குறித்த எந்தப் புள்ளியை எத்தனை மணிக்குக் கடக்கும் என்ற கணக்கு எல்லாம் அதில் கையால் எழுதப்பட்டிருக்கும். அவர் இரண்டு பட்டைகளைப் பலகையிலிருந்து அரை அங்குலம் வெளியே இழுத்துச் சாய்த்து வைத்தார். இரண்டும் 33,000 அடி. இரண்டும் ஒரே புள்ளியை நோக்கி, ஒன்று 56ஆம் நிமிடத்திலும் மற்றொன்று 58ஆம் நிமிடத்திலும் வரவிருந்தன. ரேடார் இருக்கும்வரை அது சாதாரண நிலைமை. இரண்டுக்கும் நடுவே 16 கடல் மைல். ரேடார் போன அந்த நொடியிலிருந்து, எங்களுக்கு வேண்டியிருந்த இடைவெளி 10 நிமிடம். எங்கள் கையில் இருந்தது 2 நிமிடம். அடுத்த மட்டம் காலியாக இருப்பதை ஸ்ட்ரிப்புகளிலேயே சரிபார்த்து, பின்னால் வந்த விமானத்தை 31,000 அடிக்கு இறக்கினேன். பிறகு பாதை விலகியிருந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இருக்கும் இடத்தைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டோம். பதினோராவது நிமிடத்தில் படம் திரும்பி வந்தது.

அந்த 11 நிமிடத்தில் நான் செய்தது எதுவும் அன்று யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. பயிற்சிக் காலத்தில் வாரக்கணக்கில் பலகை முன்னால் நின்று, தப்புச் செய்து, திட்டு வாங்கி, கைக்கு வந்த வேலை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 4444ஆம் எண் ஆவணத்திலும் இதுதான் எழுதியிருக்கிறது: கண்காணிப்புக் கருவி முழுவதுமாகச் செயலிழந்தால், அடையாளம் தெரிந்த எல்லா விமானங்களின் இடத்தையும் குறித்துக்கொண்டு, ரேடார் இல்லா முறையிலான இடைவெளியை ஏற்படுத்த வேண்டும்; அது உடனே கைகூடாவிட்டால், வழக்கமான உயர இடைவெளியில் பாதியைத் தற்காலிக அவசர ஏற்பாடாகப் பயன்படுத்தலாம். இந்த வாசகத்தை மாணவர்கள் மனப்பாடம் செய்ய 4 நாள் தாராளமாகப் போதும். 9 விமானங்கள் பறந்துகொண்டிருக்கும்போது அதைச் செய்துகாட்ட 4 நாள் போதாது.

இனி உங்கள் சுற்றறிக்கை. பயிற்சி பெறும் அதிகாரிகள் பணியில் பயன்படுத்த வாய்ப்பில்லாத திறன் என்று அது இந்தப் பாடத்தைக் குறிப்பிடுகிறது. நம்மிடம் படிக்க வருகிறவர்கள் யார்? பெரும்பாலோர் வெளிநாட்டவர். பயிற்சி முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போகும் நிலையங்கள் பலவற்றில் இருபது, இருபத்தைந்து ஆண்டுப் பழமையான ரேடார்கள்தாம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சிலவற்றில் ரேடாரே இல்லை. சென்ற ஆண்டுக் குழுவில் ஒரு தீவு நாட்டிலிருந்து வந்திருந்த இளம் பெண் அதிகாரி, தன் ஊர் ரேடாருக்கு ஓர் உதிரிபாகம் கிடைக்காமல் மாதக்கணக்கில் அது நின்றுபோயிருந்ததாகவும், அந்தக் காலம் முழுவதும் ஸ்ட்ரிப்பையும் வானொலியையும் வைத்தே வேலை நடந்ததாகவும் என்னிடம் சொன்னார். அவருக்கு இந்தத் திறனைப் பயன்படுத்த வாய்ப்பில்லை என்று நாம் எந்த அடிப்படையில் சொல்ல முடியும்?

அதே பெண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாள்களின் கணக்கு அதில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் பயிற்சியில் சிமுலேட்டரின் ரேடார் படத்தை முன்னறிவிப்பின்றி அணைத்தேன். அவர் கை கணினிச் சுட்டியை விட்டு நகரவில்லை. அணைந்த திரையின் மேல் அதை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தார். முதல் விமானத்தைக் கூப்பிடவே 40 விநாடி ஆயிற்று. அன்று அவர் பொறுப்பிலிருந்த இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் ஒரே புள்ளியைக் கடந்தன. ஏழாம் நாளும் தடுமாறினார், ஆனால் தடுமாறுவது தெரிந்தே தடுமாறினார். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் படத்தை அணைத்தபோது, நான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் அவர் இரண்டு ஸ்ட்ரிப்புகளைச் சாய்த்து வைத்துவிட்டார். 30 ஆண்டுகளுக்கு முன் அண்ணன் செய்தது என் கண்முன் மறுபடியும் நடந்தது. உங்கள் புதிய திட்டப்படி அவர் நான்காம் நாளோடு, அதாவது கை சுட்டியை விட்டு நகராத நிலையிலேயே, சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்.

பழைய சிமுலேட்டர் காலாவதியானது என்கிறீர்கள். வயதானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயரம் காட்டாத ரேடாரில் வேலை செய்வது எப்படியிருக்கும் என்பதை மாணவர்கள் உணரக்கூடிய ஒரே இடம் அதுதான். 1996 நவம்பர் 12ஆம் தேதி டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி என்ற ஊரின் மேலே, சவூதி அரேபிய போயிங் 747 விமானமும் கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானமும் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். ஒன்றுக்கு 14,000 அடியும் மற்றதற்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. 15,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அன்று டில்லியின் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் பயன்பாட்டில் இருந்தது முதன்மை ரேடார் மட்டுமே. இரண்டு புள்ளிகள் நெருங்குவதை அது காட்டும். எந்தப் புள்ளி எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதை அதனால் காட்ட முடியாது. விமானி வாயால் சொன்ன உயரத்தை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்த விபத்தை ஒவ்வொரு குழுவுக்கும் நான் பாடமாக நடத்துகிறேன். படங்களைக் காட்டி விளக்கும்போது குறிப்பெடுத்துக்கொள்ளும் மாணவர்கள், பழைய சிமுலேட்டரில் உயரத் தகவலை நிறுத்திவிட்டு அதே நிலைமையில் உட்காரவைக்கும்போதுதான் வியர்க்கிறார்கள்.

வளரும் நாடு, பழைய கருவி என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2002 ஜூலை 1ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். அவற்றைக் கவனித்துக்கொண்டிருந்த ஜூரிக் நிலையத்தில் அன்றிரவு பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. மோதல் எச்சரிக்கை திரையில் வராத நிலை, தொலைபேசித் தொடர்பிலும் கோளாறு, ஒரே அதிகாரி இரண்டு இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வசதி அன்று தனக்கு இல்லை என்பது அவருக்கு முழுமையாகத் தெரிவிக்கப்பட்டிருக்கவில்லை. 2023 புத்தாண்டு நாளில் மணிலா நிலையத்தில் மின்சாரம் போய், ரேடாரும் தொடர்பும் ஒன்றாக அணைந்து, 50,000க்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். 2025 ஏப்ரல் 28ஆம் தேதி, அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு ரேடார் படமும் வானொலியும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் இல்லாமல் போயின. அவர்களில் சிலர் அந்த அதிர்ச்சியிலிருந்து மீள விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது.

நவீனக் கருவிகளை நான் எதிர்க்கிறேன் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். விமானம் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி முறை தென்சீனக் கடல் பாதைகளில் 2013இல் நடைமுறைக்கு வந்தபோது அதை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருவன்; ரேடார் எட்டாத இடத்தில் விநாடிக்கு விநாடி விமானத்தைப் பார்ப்பது என் தலைமுறைக்குக் கனவாக இருந்தது. ஆனால் அந்த முறை செயற்கைக்கோள் சமிக்ஞையை நம்பி இருக்கிறது. அந்தச் சமிக்ஞையைக் குலைப்பதும் போலியாக அனுப்புவதும் இப்போது உலகின் பல பகுதிகளில் நடக்கின்றன. கருவி எவ்வளவு நன்றாக உழைக்கிறதோ, அது நின்றுபோகும் அனுபவம் மாணவர்களுக்கு அவ்வளவு அரிதாகிறது. எங்கள் காலத்தில் ரேடார் மாதம் ஒருமுறையாவது மக்கர் செய்து எங்களுக்குப் பாடம் நடத்தியது. இன்றைய மாணவர்களுக்கு அந்தப் பாடம் சிமுலேட்டரில் மட்டுமே கிடைக்கும், அதையும் நீங்கள் எடுத்துவிடப் பார்க்கிறீர்கள்.

திருச்சி, சென்னை விமானங்களைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். இங்கிருந்து கிளம்பும் விமானம் அந்தமான் கடலைத் தாண்டி வங்காள விரிகுடாவுக்குள் நுழைகிறது. கரையிலிருக்கும் ரேடார் ஏறத்தாழ 250 கடல் மைலுக்கு மேல் எட்டாது. அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். விரிகுடாவின் நடுப்பகுதியில், விமானம் செயற்கைக்கோள் வழியாக இடைவெளி விட்டு அனுப்பும் இட அறிக்கைகளையும், ஒவ்வொரு புள்ளியையும் கடக்கும் நேரக் கணக்கையும் வைத்தே பெரும்பாலும் விமானங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கப்படுகின்றன. ரேடார் இருக்கும் இடத்தில் 5 கடல் மைல் போதும் என்றால், அந்த முறையில் அதைப் போலப் பல மடங்கு தேவைப்படுகிறது. நம் அப்பா அம்மாவும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டே கடக்கும் அந்த நீண்ட பகுதியில் நடப்பது, பெயர் எதுவாக இருந்தாலும், நீங்கள் 4 நாளாகச் சுருக்கியிருக்கும் அதே வேலைதான். அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளிலிருந்து நம்மிடம் படிக்க வருகிறவர்கள் நாளை அந்த மேசைகளில் உட்காரப்போகிறவர்கள்.

இடப் பற்றாக்குறையும் பராமரிப்புச் செலவும் உங்களுக்கு உண்மையான நெருக்கடிகள் என்பதை அறிவேன். அந்தச் சிமுலேட்டருக்கு உதிரிபாகம் தேடி நானே அலைந்திருக்கிறேன். ஆனால் சுற்றறிக்கையில் செலவுக் கணக்கு இருக்கிறதே தவிர, நான்கு நாளில் ஒரு மாணவர் எந்த அளவுக்குத் தேறுவார் என்பதைச் சோதித்துப் பார்த்த கணக்கு எங்குமே இல்லை. பயிற்றுநர்கள் ஒருவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை. இந்த முடிவை அடுத்த குழுவின் பயிற்சி முடியும்வரை நிறுத்திவையுங்கள். அந்தக் குழுவில் பாதிப் பேருக்கு 4 நாள் திட்டத்தையும் பாதிப் பேருக்கு 15 நாள் திட்டத்தையும் நடத்தி, இறுதியில் இரு சாராருக்கும் முன்னறிவிப்பில்லாத ஒரே ரேடார் செயலிழப்புத் தேர்வை வைத்து, முடிவைப் பயிற்றுநர்கள் அனைவருக்கும் காட்டுங்கள். 4 நாள் படித்தவர்கள் சமமாகத் தேறினால் நான் இந்த மடலை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குறைந்த நாள் படித்தவர்களுக்கு எஞ்சிய 11 நாளைப் பிறகு கொடுத்துவிட்டே ஊருக்கு அனுப்புங்கள். மாணவர்களை அனுப்பும் ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுதி, அங்கே எந்த வகை ரேடார் இருக்கிறது, சென்ற ஆண்டு அது எத்தனை மணிநேரம் செயல்படாமல் இருந்தது என்று கேட்டு, அந்தப் பதில்களை வைத்து நாள்களின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். நாள்களைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், வகுப்பறை விளக்கங்களைக் குறையுங்கள். பலகை முன்னால் நிற்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள். பழைய சிமுலேட்டரில் எட்டு மேசைகளையும் வைத்திருக்க இடமில்லையென்றால் இரண்டையாவது வைத்திருங்கள். அவற்றைப் பராமரிக்க ஓய்வுபெற்ற மூவர், என்னையும் சேர்த்து, ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். எங்கள் கையெழுத்திட்ட கடிதம் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

ஜூன் 15ஆம் தேதிக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதுவரை, இரண்டாம் மாடி அறையில் இருக்கும் ஸ்ட்ரிப் பலகைகளைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த குழு 17ஆம் தேதி வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, பகுதிநேரப் பயிற்றுநர்
சிங்கப்பூர்